இங்கிரிட் பெர்க்மான்ஸ்: ஆறு உலகப் பட்டங்களும் கணக்கில் சேராத ஓர் ஒலிம்பிக் தங்கமும்

பெல்ஜிய ஜூடோ வீராங்கனை இங்கிரிட் பெர்க்மான்ஸ் ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர் என்றும், 1988ஆம் ஆண்டு சியோலில் தங்கம் வாங்கியவர் என்றும் படித்துவிட்டு, ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் தேடினால் அவர் பெயரே இல்லையே, அப்படியானால் அவரை எந்த இடத்தில் வைப்பது, சொந்த நாட்டில் அவருக்கு உண்மையிலேயே புகழ் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்த இரண்டும் உண்மை. பட்டியலில் பெயர் இல்லை என்பதும் உண்மை. பெண்கள் ஜூடோவுக்கு உலகப் போட்டி தொடங்கிய ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்து, அது ஒலிம்பிக்கில் முழு உரிமை பெறுவதற்கு முன்பே களத்தை விட்டு விலகியவர் அவர் என்பதுதான் இதற்குக் காரணம். புகழைப் பொறுத்தவரை, ஒலிம்பிக் பதக்கம் ஒன்றின் துணையுமில்லாமல் 1980களில் தம் நாட்டின் முதன்மையான விளையாட்டு வீராங்கனையாக அவர் விளங்கினார். இது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. பெயரைத் தமிழில் தேடினால், கிட்டத்தட்ட இதே உச்சரிப்புள்ள சுவீடன் நாட்டுத் திரைப்பட நடிகையைப் பற்றிய செய்திகளே முன்னால் வந்து நிற்கும். நாம் பேசும் பெர்க்மான்ஸ் 1961 ஆகஸ்ட் 24 அன்று பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பெரிங்கன் வட்டாரத்தைச் சேர்ந்த கூர்செல் என்ற ஊரில் பிறந்தவர். டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதி அது.

பெல்ஜியம் சிறிய நாடுதான். ஆனால் ஜூடோவில் சிறிய நாடாக இருந்ததில்லை. டோக்கியோவின் கோடோகன் ஜூடோ தலைமையகத்தைச் சேர்ந்த இச்சிரோ அபே 1950களில் ஐரோப்பாவுக்கு வந்து, பிரான்சில் சில காலம் கற்பித்த பிறகு பெல்ஜியத்தில் தங்கி 1969 வரை பயிற்சியளித்தார். பிற்காலத்தில் பத்தாம் டான் என்ற மிக உயர்ந்த தகுதியைப் பெற்ற அத்தகைய ஆசிரியர் ஒருவர் நீண்ட காலம் கூடவே இருந்தது அந்நாட்டின் ஜூடோ மன்றங்களுக்குப் பெரிய பேறு. எனவே பெர்க்மான்ஸ் வளர்ந்த காலத்தில் அங்கே நல்ல பயிற்சிக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கான பெரிய போட்டிகள்தாம் இல்லை. ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன் போட்டியே அதிகாரப்பூர்வமாக 1975இல்தான் தொடங்கியது. ஜூடோவின் தாயகமான ஜப்பானில் தேசிய அளவிலான பெண்கள் போட்டி 1978 வரை நடத்தப்படவில்லை.

உலகப் போட்டி நடந்ததற்கு ஓர் அமெரிக்கப் பெண்மணியின் விடாப்பிடியே காரணம் என்றால் மிகையில்லை. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ரஸ்டி கனோகோகி, 1959இல் ஆண்கள் அணியோடு ஆணைப் போலவே தோற்றமளித்துப் போட்டியிட்டு வென்று, பெண் என்று ஒப்புக்கொண்டதும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1980 நவம்பர் இறுதியில், தம் வீட்டையே அடமானம் வைத்துப் பணம் திரட்டி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் முதலாவது பெண்கள் உலக ஜூடோ சாம்பியன் போட்டியை நடத்திக் காட்டினார். முப்பதுக்கும் குறைவான நாடுகளே வந்திருந்த அந்தப் போட்டியில், 19 வயது நிரம்பிய பெர்க்மான்ஸ் திறந்த பிரிவில் உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ஜூலையில்தான் மாஸ்கோ ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்குக் கிடைத்த ஒரே பதக்கத்தை, அதுவும் தங்கத்தை, 95 கிலோ பிரிவில் ரோபர்ட் வான் டெ வாலே ஜூடோவில் வென்றிருந்தார். சில மாத இடைவெளியில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பெரும் வெற்றிகள் கிடைத்ததால், சைக்கிள் பந்தயத்தையும் கால்பந்தையும் தவிர வேறெதையும் எளிதில் முதல் பக்கத்தில் போடாத பெல்ஜியச் செய்தித்தாள்கள் ஜூடோவின் பக்கம் திரும்பிப் பார்த்தன.

திறந்த பிரிவு என்பதைப் புரிந்துகொள்ளாமல் பெர்க்மான்ஸின் சாதனையை அளவிட முடியாது. ஆகவே இங்கே சற்று நிதானிக்கிறேன். ஜூடோவில் மற்றெல்லாப் பிரிவுகளும் எடையால் வரம்பிடப்பட்டவை. திறந்த பிரிவுக்கு எடை வரம்பே கிடையாது. 60 கிலோ எடையுள்ளவரும் 110 கிலோ எடையுள்ளவரும் ஒரே பாயில் எதிரெதிராக நிற்கலாம். பெர்க்மான்ஸின் சொந்தப் பிரிவு 72 கிலோவுக்கு உட்பட்டது. அப்படியிருந்தும் அவருடைய ஆறு உலகப் பட்டங்களில் நான்கு திறந்த பிரிவில் வந்தவை. அன்றைய விதிப்படி பெண்களின் ஆட்டம் நான்கு நிமிடம். எதிராளியைத் தெளிவாக முதுகு தரையில் படும்படி விசையோடு எறிந்தாலோ, தரையில் 30 நொடிகள் அசையவிடாமல் அழுத்திப் பிடித்தாலோ, இப்பான் என்ற முழுப் புள்ளி கிடைத்து ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இந்த இரண்டாவது வழிதான் எடை குறைந்தவருக்குப் பெரிய ஆபத்து. நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் மேலே விழுந்து நெஞ்சோடு நெஞ்சாக அழுத்திவிட்டால், நுட்பம் தெரிந்திருந்தும் 30 நொடிக்குள் வெளியே வருவது மிகவும் கடினம். எனவே எடை குறைந்தவர் நின்ற நிலையிலேயே கணக்கைத் தீர்க்கப் பார்க்க வேண்டும்: ஒரு கை எதிராளியின் சட்டைக் கழுத்தையும் மற்றொரு கை அவருடைய சட்டைக் கையையும் பிடித்திருக்க, அவரை நடக்கவைத்து, இழுத்து, அவருடைய பாரம் ஒரே காலின் விளிம்புக்கு வந்து சேரும் அரை நொடியில் உள்ளே புகுந்து எறிய வேண்டும். அந்த அரை நொடி தவறினால் எதிராளியின் முழு எடையும் எறிய வந்தவரின் முதுகின் மேலேயே சரியும். இதை ஒரு முறை செய்து வென்றால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். நான்கு உலகப் போட்டிகளில் தொடர்ந்து செய்தவரை அப்படிச் சொல்ல வழியில்லை.

அந்தக் காலத்து ஆட்டங்களின் பதிவுகளைப் பார்க்க நேர்ந்தால் சில விவரங்கள் விநோதமாகத் தோன்றும். இருவருமே வெள்ளை உடையில்தான் இருப்பார்கள். எதிராளிக்கு நீல உடை என்ற வழக்கம் பின்னால் வந்தது. அடையாளத்துக்காக ஒருவர் சிவப்புப் பட்டையும் மற்றவர் வெள்ளைப் பட்டையும் கூடுதலாக இடுப்பில் கட்டியிருப்பார்கள். ஆண்களின் கறுப்புப் பட்டை முழுக்கக் கறுப்பாக இருக்க, பெண்களின் கறுப்புப் பட்டையில் மட்டும் நீளவாக்கில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். உலக சாம்பியனாகவே இருந்தாலும் அந்தக் கோடு உண்டு. சர்வதேசப் போட்டிகளில் 1990களின் இறுதி வரை அந்த வேறுபாடு நீடித்தது என்பதைப் பார்க்கும்போது, பெண்கள் ஜூடோவை அன்றைய நிர்வாகிகள் எந்த மனநிலையில் நடத்தினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

1982இல் பாரிஸில் மீண்டும் திறந்த பிரிவுப் பட்டம் கிடைத்தது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நடந்தபோது, பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது; ஜூடோ இன்னும் ஆண்களுக்கு மட்டுமே என்று இருந்தது. ஜப்பானின் யாசுஹிரோ யமாஷிதா காயம்பட்ட காலோடு திறந்த பிரிவுத் தங்கத்தை வென்ற ஒலிம்பிக் அதுதான். இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில் வியன்னாவில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் பெர்க்மான்ஸ் திறந்த பிரிவு, 72 கிலோ பிரிவு இரண்டையும் வென்றார். ஒரே போட்டியில் இரட்டைத் தங்கம். யமாஷிதாவின் வெற்றியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. வியன்னாவைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் உலகப் போட்டிகள் தனித்தனி ஆண்டுகளில் தனித்தனி ஊர்களில் நடந்து வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். 1987இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில்தான் இரண்டும் ஒன்றாயின. அதுவரை பெண்கள் போட்டிக்குக் கிடைத்த செய்தியாளர் கூட்டம் எவ்வளவு சிறியது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1986இல் போட்டி நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்கு வந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தாலும் பெர்க்மான்ஸின் ஊரிலிருந்து அது கிட்டத்தில்தான். சொந்த மண் என்றே சொல்லலாம். அங்கே திறந்த பிரிவில் நான்காவது பட்டத்தைப் பெற்றார். 72 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் அப்போது சீனாவின் காவோ ஃபெங்லியான் உலக சாம்பியனாக எழுந்திருந்தார். அத்தகைய கனத்த வீராங்கனைகள் களத்துக்கு வரத் தொடங்கிய காலத்தில் வந்த பட்டம் என்பதால், நான்கில் இதையே மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். ஆனால் அவருடைய சொந்தப் பிரிவான 72 கிலோவில் நிலைமை மாறியிருந்தது. நெதர்லாந்தின் இரேன் டி கோக் 1986இலும் அடுத்து 1987இலும் அந்தப் பட்டத்தைக் கைப்பற்றினார். பெர்க்மான்ஸின் வாழ்க்கையைத் தோல்வியே காணாத ஊர்வலமாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். அவை இருப்பதால்தான் அடுத்து வந்தவற்றுக்கு மதிப்பு கூடுகிறது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. கனோகோகி வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டும் அளவுக்குப் போராடியதன் பலன் அது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைதான்: அரங்கம் உண்டு, நடுவர் உண்டு, கழுத்தில் பதக்கமும் விழும், ஆனால் நாட்டின் கணக்கில் அது ஏறாது. கபடி எட்டு ஆண்டுகள் கழித்து 1990 பெய்ஜிங்கில் முழுப் பதக்க விளையாட்டாகியது. பெண்கள் ஜூடோவுக்கு அந்த நாள் 1992 பார்சிலோனாவில் வந்தது. சியோலில் பெர்க்மான்ஸுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒலிம்பிக்கிலிருந்து திறந்த பிரிவு 1984ஆம் ஆண்டோடு நீக்கப்பட்டிருந்ததால், அவர் அதிகம் வென்ற பிரிவே அங்கே இல்லை. எஞ்சியது, முந்தைய இரண்டு உலகப் போட்டிகளில் பட்டத்தை இழந்திருந்த 72 கிலோ பிரிவு. அதில்தான் அவர் தங்கம் வென்றார்.

இப்போது பெல்ஜியத்தின் 1988 ஒலிம்பிக் கணக்கைப் பாருங்கள். அதிகாரப்பூர்வமாக இரண்டே வெண்கலங்கள்: ஒன்று ஜூடோவில் வான் டெ வாலே வென்றது, மற்றொன்று துப்பாக்கி சுடுதலில் ஃபிரான்ஸ் பீட்டர்ஸ் வென்றது. தங்கம் இல்லை, வெள்ளியும் இல்லை. அந்த ஆண்டு சியோலில் பெல்ஜியத்தின் சார்பாக மேடையின் உச்சிப் படியில் ஏறிய பெர்க்மான்ஸின் பெயர் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. நீங்கள் பட்டியலில் தேடியும் கிடைக்காததற்கு இதுதான் விளக்கம். தரவுப் பிழை எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1989இல், பெல்கிரேடில் 72 கிலோ உலகப் பட்டத்தையும் அவர் மீட்டார். அது ஆறாவது பட்டம், வயது 28. அதன் பிறகு போட்டிகளிலிருந்து விலகிவிட்டதால் பார்சிலோனாவில் அவர் இல்லை. அங்கே 72 கிலோ பிரிவின் வெண்கலப் பதக்கங்களில் ஒன்றை அவருடைய பழைய போட்டியாளர் இரேன் டி கோக் பெற்றார். ஆகவே ஒலிம்பிக் ஆவணத்தை மட்டும் வைத்து அந்தத் தலைமுறையை மதிப்பிட்டால், டி கோக்குக்குப் பதக்கம் உண்டு, பெர்க்மான்ஸுக்கு இல்லை என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கும். டி கோக் சிறந்த வீராங்கனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவரின் மொத்த வாழ்க்கையையும் அறிந்த எவரும் அந்த வரிசையை ஏற்கமாட்டார்கள்.

இதற்கு ஓர் எதிர்வாதம் சொல்லப்படுவதுண்டு. அது ஒதுக்கத்தக்கதும் அன்று. 1980களின் தொடக்கத்தில் பெண்கள் ஜூடோவில் நாடுகள் குறைவு, ஜப்பானியப் பெண்கள் அப்போதுதான் போட்டிக்கே வரத் தொடங்கியிருந்தார்கள், அந்நாட்டின் முதல் பெண் உலக சாம்பியனான கவோரி யமாகுச்சி பட்டம் வென்றதே 1984இல்தான், எனவே அக்காலப் பட்டங்களைப் பிற்காலப் பட்டங்களோடு சமமாக வைக்கக் கூடாது என்பது அந்த வாதம். முதல் இரண்டு பட்டங்களைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் ஜப்பானும் சீனாவும் தென்கொரியாவும் தீவிரமாக இறங்கிய பிறகும் 1986, 1988, 1989 என மூன்று முறை அவர் முதலிடம் பெற்றிருக்கிறார். களம் ஆழமாக ஆழமாக அவர் காணாமல் போயிருந்தால் எதிர்வாதம் வென்றிருக்கும். அப்படி நடக்கவில்லை. பெண்களில் ஆறு உலகப் பட்டங்கள் என்ற அவருடைய எண்ணிக்கையை ஜப்பானின் ரியோகோ தானி 2003இல்தான் எட்டினார். 2007இல் ஏழாவது பட்டத்தோடு தாண்டினார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் உலகில் வேறு எந்தப் பெண்ணும் தாண்டாத கணக்கு அது.

புகழ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் ஆண்டுதோறும் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களித்து அந்த ஆண்டின் சிறந்த வீரரையும் வீராங்கனையையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பெர்க்மான்ஸ் அந்த விருதை எட்டு முறை பெற்றிருக்கிறார். டச்சு மொழியினரும் பிரெஞ்சு மொழியினரும் தனித்தனிப் பத்திரிகைகளைப் படித்து, தனித்தனித் தொலைக்காட்சிகளைப் பார்த்து, அரசியலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில், ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பத்தாண்டு முழுவதும் இந்த விருது மீண்டும் மீண்டும் போனதென்றால், அது வட்டார அபிமானத்தால் மட்டும் வந்திருக்க முடியாது. அதே பட்டியலில் பின்னாளில் கிம் கிளைஸ்டர்ஸ், ஜஸ்டின் எனின், நஃபிசட்டு தியாம் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. டென்னிஸும் தடகளமும் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் விளையாட்டுகள். ஜூடோவை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது வேறு விஷயம்.

அதே சமயம் அந்தப் புகழின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் பெல்ஜியத்துக்குள்ளும் ஜூடோ உலகுக்குள்ளும் நின்றுவிட்ட புகழ். ஜூடோ வீரர்களுக்கு உலகப் பொதுமக்களின் கவனம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒலிம்பிக்கின்போதுதான் கிடைக்கிறது; அதுவும் சில சமயம் விசித்திரமான காரணங்களுக்காகக் கிடைக்கிறது. 2016 ரியோவில் 73 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற பெல்ஜியத்தின் டிர்க் வான் டிக்கெல்ட், பதக்கத்தைக் கொண்டாடப் போன இரவில் கோபகபானா பகுதியில் நடந்த கைப்பேசித் திருட்டு ஒன்றில் சிக்கிக் கண் வீங்கி நின்றார். வெண்கலம் வென்ற செய்தியைவிட அந்த வீங்கிய கண்ணின் படமே உலகெங்கும் அதிகமாக வலம் வந்தது. பெர்க்மான்ஸுக்கு அப்படியொரு உலக மேடை ஒரே ஒரு முறைதான், சியோலில், அதுவும் காட்சிப் போட்டியாகத்தான் வாய்த்தது.

பெல்ஜியத்தில் ஜூடோவில் கிடைத்த பெயர் அரசியல் வரை கைகொடுத்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1980களிலும் 1990களிலும் தேசிய அணிக்குப் பயிற்சியளித்த ஜான் மரி டெடெக்கர் பின்னர் செனட் உறுப்பினராகி, தம் பெயரிலேயே ஒரு கட்சியைத் தொடங்கினார். அவருடைய மாணவி ஊல்லா வெர்ப்ரூக் அக்கட்சியின் சார்பில் சட்டமன்றம் சென்றார். பெர்க்மான்ஸின் பெயரோடு பொதுமக்கள் சேர்த்து நினைப்பது அரசியலை அன்று, விளையாட்டை மட்டுமே.

அவருக்குப் பின் வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால் அவர் திறந்த வழி எவ்வளவு அகலமானது என்பது தெரியும். 1992 பார்சிலோனாவில் ஹைடி ராக்கெல்ஸ் 66 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அதிகாரப்பூர்வமான ஒலிம்பிக் ஜூடோவில் பெல்ஜியப் பெண்ணொருவர் பெற்ற முதல் பதக்கம் அது. 1993இல் கெல்லா வான்டெகாவே உலக சாம்பியனானார். 1996 அட்லாண்டாவில் பெல்ஜியம் மொத்தம் ஆறு பதக்கங்கள் பெற்றது. அவற்றில் நான்கு ஜூடோவில் வந்தவை, அந்த நான்கில் மூன்றைப் பெண்கள் வென்றார்கள். மரிசாபெல் லொம்பா வெண்கலமும் வான்டெகாவே வெள்ளியும் பெற, ஊல்லா வெர்ப்ரூக் ஜப்பானின் யோகோ தனாபேயை இறுதியாட்டத்தில் வென்று தங்கம் பெற்றார். பெல்ஜியப் பெண்கள் ஜூடோவுக்குப் பட்டியலில் ஏறிய முதல் ஒலிம்பிக் தங்கமான அது கிடைத்ததும் 72 கிலோ பிரிவில்தான்.